பறிகொடுத்தவரிடமே ஏன் கணக்குக் கேட்கிறோம்?

கேள்வி இதுதான்: ஒருவர்மீது குற்றம் நடக்கிறது. செய்தவன் யாரென்றும் பல நேரம் தெரிகிறது. ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் டீக்கடையிலும் முதலில் குறுக்கு விசாரணைக்கு ஆளாவது பாதிக்கப்பட்டவர்தான். படித்தவர்கள், நல்ல மனதுக்காரர்கள்கூட இதைச் செய்கிறார்கள். இது உணர்ச்சிவசப்படுவதால் வருவதா, சாதி, பெண், பணம் பற்றி மனதில் ஏற்கெனவே இருக்கும் தப்பெண்ணங்களால் வருவதா?

இரண்டாலும்தான். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. யாரையாவது குறை சொல்லியே ஆகவேண்டும் என்ற அவசரம் உணர்ச்சியிலிருந்து வருகிறது. அந்தக் குறை யார் தலையில் விழவேண்டும் என்பதைத் தப்பெண்ணம் முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் "மனிதாபிமானம் செத்துவிட்டது" என்று புலம்புவதோடு பேச்சு முடிந்துபோகிறது. மனிதாபிமானம் நிறைய இருக்கும் இடத்திலும் இது நடக்கிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

பயத்திலிருந்து தொடங்குகிறேன். நம்மில் பெரும்பாலானோர் நிற்கும் இடம் அது. விடிகாலையில் கோலம் போட வாசலுக்கு வந்த பெண்ணின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் தெரு கூடிவிடும். "வெளிச்சம் வர்றதுக்குள்ள என்ன கோலம்?" "அஞ்சு பவுனைப் போட்டுக்கிட்டா வாசல் தெளிப்பாங்க?" "பைக் சத்தம் கேட்டதும் உள்ள ஓடியிருக்கலாம்ல?" இப்படிக் கேட்கிறவர்கள் கழுத்திலும் தங்கம் இருக்கும். நாளைக் காலையில் அவர்களும் அதே நேரத்தில் வாசலுக்கு வரவேண்டியவர்கள். அந்தப் பெண்மேல் அவர்களுக்குப் பகை ஒன்றும் கிடையாது. சற்று முன்னால் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்களாகவே இருக்கலாம். அவர்கள் தேடுவது ஒரு வித்தியாசத்தை. அவள் செய்து, தான் செய்யாத ஏதாவது ஒன்று. அது கிடைத்துவிட்டால் "எனக்கு இது நடக்காது" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மெல்வின் லெர்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். 1966-ல் அவரும் கரோலின் சிம்மன்ஸும் நடத்திய சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவிகள் 72 பேர். இன்னொரு பெண் பாடம் கற்கும்போது, தவறான பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மின்சார அதிர்ச்சி தரப்படுவதைத் திரையில் பார்க்கிறார்கள். (உண்மையில் அதிர்ச்சி எதுவும் தரப்படவில்லை, அவள் நடிக்கிறாள். பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.) ஒரு குழுவிடம் "இனி அதிர்ச்சி வேண்டாம், சரியான பதிலுக்குப் பரிசு தரலாம் என்று நீங்கள் வாக்களிக்கலாம்" என்றார்கள். ஏறக்குறைய எல்லோரும் அப்படியே வாக்களித்தார்கள். அவளைப் பற்றிய அபிப்பிராயமும் நன்றாகவே இருந்தது. வேறொரு குழுவிடம் அவளுக்கு அதிர்ச்சி தொடரும் என்று சொல்லப்பட்டது. அவர்களால் எதையும் மாற்ற முடியாது. இந்தக் குழு அவளை மட்டமாக மதிப்பிட்டது. மூன்றாவதாக ஒரு ஏற்பாடும் இருந்தது: அவளுக்கு விருப்பமில்லை, ஆனால் பார்ப்பவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கவேண்டும் என்பதற்காக வலியைத் தாங்கச் சம்மதிக்கிறாள். எல்லோரையும்விடத் தாழ்வாக மதிப்பிடப்பட்டவள் இந்தத் தியாகிதான்.

பலமுறை யோசித்தும் எனக்கு ஜீரணமாகாத முடிவு அது. ஆனால் அதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. உதவ முடிந்தால் நம் மனம் உதவியிலேயே திருப்தி அடைகிறது. உதவ முடியாதபோது, நல்லவள் ஒருத்தி காரணமில்லாமல் கஷ்டப்படுகிறாள் என்ற உண்மை கண்முன்னால் அப்படியே கிடக்கிறது. அதைத் தாங்க ஒரே வழி, அவள் அப்படியொன்றும் நல்லவள் இல்லை என்று நினைத்துக்கொள்வது. உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது, அவரவர் செய்ததற்கு ஏற்றதுதான் அவரவருக்குக் கிடைக்கிறது என்ற நம்பிக்கை நமக்கு வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவோ, முப்பது வருடக் கடனில் வீடு வாங்கவோ யாருக்கும் தைரியம் வராது. லெர்னர் இதை ஒரு மாயை என்றார். ஆனால் அடிப்படையான மாயை என்றார். விதி, பூர்வ ஜென்ம பலன் என்றெல்லாம் நாம் பேசுவது இதன் உள்ளூர்ப் பதிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் கர்மா என்ற சொல்லையே கேட்டிராத அமெரிக்க மாணவிகள் செய்ததும் அதையேதான்.

அடுத்தது கோபம். குற்றத்தைப் பார்த்தால் கோபம் வருவது இயல்பு. செய்தவன் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டால் அது அடங்கிவிடும். இல்லாவிட்டால் அது தரையில் கொட்டிய தண்ணீர்போலச் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். ஜூலி கோல்ட்பெர்க், ஜெனிஃபர் லெர்னர், பிலிப் டெட்லாக் ஆகியோர் 1999-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பையனை இன்னொருவன் அடித்து நொறுக்கும் காட்சியைச் சிலருக்குக் காட்டிவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு வழக்குகளில் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அடித்தவன் தண்டனை பெற்றுவிட்டான் என்று கேட்டவர்களிடம் அந்தக் கோபம் பிற வழக்குகளுக்குத் தொற்றவில்லை. தப்பித்துவிட்டான் என்று கேட்டவர்களிடம் தொற்றியது; யார் யாரையோ கடுமையாகத் தண்டிக்கச் சொன்னார்கள்.

நம் வீடுகளில் இந்தக் கோபம் எங்கே ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பேருந்தில் ஒருவன் சீண்டினான் என்று மகள் அழுதுகொண்டே வருகிறாள். அவன் எப்போதோ இறங்கிப் போய்விட்டான். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவள் மகள் மட்டும்தான். "அந்த பஸ்ல போகாதேன்னு சொன்னேன்ல" என்று அம்மா கத்துகிறார். அந்தக் கத்தலில் பாசம் இருக்கிறது, காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி இருக்கிறது, அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பதற்றமும் இருக்கிறது. ஆனால் மகள் காதில் விழுவது ஒன்றே ஒன்று: தப்பு என்மேல். அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள்.

இரக்கமும் இதில் சேர்த்தி என்றால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பாதிக்கப்பட்டவர்மேல் இரக்கம் இல்லாததால்தான் பழி போடுகிறார்கள் என்று நினைக்கிறோம். ரெனாட்டா பொங்கியோர்னோவும் சகாக்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. பாலியல் சீண்டலுக்கு உள்ளான மாணவியைப் பெண்களைவிட ஆண்கள் அதிகம் குறை சொன்னார்கள். அதை விளக்கியது, அவள்மேல் இரக்கம் குறைவு என்பதைவிட, சீண்டியவன்மேல் அவர்களுக்கு இருந்த இரக்கம். "பையன் படிக்கிறவன், ஒரு கேஸ் விழுந்தா எதிர்காலமே போச்சு" என்ற வாக்கியத்தை ஊரில் எத்தனை பஞ்சாயத்தில் கேட்டிருப்போம்! இரக்கம் நல்ல குணம்தான். அது யார் பக்கம் சாய்கிறது என்று பார்க்காதவரை அதை நம்ப முடியாது.

சரி, இதெல்லாம் உணர்ச்சி. ஆனால் குறை சொல்கிறவரிடம் போய், நீங்கள் பயத்தில் பேசுகிறீர்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் யதார்த்தமாகப் பேசுகிறேன்" என்பார். காரணங்களை வரிசையாக அடுக்குவார். அவர் பொய் சொல்லவில்லை. தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது, காரணங்கள் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொள்கின்றன. அந்த வரிசை அவருக்கே தெரிவதில்லை.

மார்க் அலிக் 1992-ல் செய்தது எளிமையான சோதனை. ஜான் என்பவன் வேகமாகக் காரோட்டி வீட்டுக்குப் போகிறான், விபத்து நடக்கிறது. ஒரு குழுவிடம், பெற்றோரின் திருமண நாளுக்கு வாங்கிய பரிசை அவர்கள் வருவதற்குள் ஒளித்துவைக்கப் போனான் என்றார்கள். இன்னொரு குழுவிடம், பெற்றோர் கண்ணில் படுவதற்குள் கொக்கெய்னை மறைக்கப் போனான் என்றார்கள். வேகம் ஒன்று, சாலை ஒன்று, விபத்தும் ஒன்று. ஆனால் கொக்கெய்ன் ஜான்தான் விபத்துக்கு அதிகக் காரணம் என்று மக்கள் சொன்னார்கள். ஆளைப் பிடிக்கவில்லை என்றால் அவன் செய்தது இன்னும் பெரிய காரணமாகத் தெரிகிறது. பாதிக்கப்பட்டவரை நமக்குப் பிடிக்காதபோதும் இதேதான் நடக்கிறது.

நினைவும் இந்தச் சதியில் கூட்டு. லிண்டா கார்லி 1999-ல் ஒரு ஆணும் பெண்ணும் பழகும் கதையைப் படிக்கக் கொடுத்தார். ஒரு பிரதியில் அவன் கடைசியில் திருமணம் செய்துகொள்கிறாயா என்று கேட்கிறான். மற்றதில் அவளை வன்புணர்கிறான். முடிவைத் தவிர மீதி எல்லாம் ஒன்றுதான். சில நாள் கழித்துக் கேட்டபோது, இரண்டாவது பிரதியைப் படித்தவர்கள் அந்த முடிவுக்குப் பொருந்தும்படி, கதையிலேயே இல்லாத விவரங்களை இருந்ததாகச் சொன்னார்கள். இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்திருக்கும் என்றும் நினைத்தார்கள். "அவன் முழியே சரியில்லைன்னு அவளுக்குத் தெரியாதா?" என்று நாம் கேட்பது முடிவைத் தெரிந்துகொண்ட பிறகுதான். அந்த முழி அன்று காலைவரை சாதாரண முழியாகத்தான் இருந்தது.

இனி தப்பெண்ணம். உணர்ச்சி எல்லோருக்கும் பொது என்றால் பழியும் எல்லோர்மேலும் சமமாக விழவேண்டுமே? விழுவதில்லை. நார்வே குற்றவியலாளர் நீல்ஸ் கிறிஸ்டி 1986-ல் எழுதிய கட்டுரையில், யாரும் குறை சொல்ல முடியாத பாதிக்கப்பட்டவரை வரைந்து காட்டினார்: வயதான பெண்மணி, பட்டப்பகல், நோயில் கிடக்கும் சகோதரியைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார், முன்பின் தெரியாத முரடன் ஒருவன் தலையில் அடித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். பலவீனமானவர், நல்ல காரியமாகப் போனவர், போகவேண்டிய இடத்தில் இருந்தவர், அடித்தவன் அந்நியன். இதில் எது விலகினாலும் நம் அனுதாபம் கொஞ்சம் குறைகிறது. பகல் இரவானால் குறைகிறது. கோவிலுக்குப் பதில் பாருக்குப் போய்விட்டு வந்தால் குறைகிறது. அந்நியனுக்குப் பதில் கணவன் என்றால் அனுதாபம் அநேகமாகத் தீர்ந்தேபோகிறது.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடிக் கிராமம். சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தையும் கிணற்றையும் பாழாக்கினார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அதற்குப் பிறகும் கைதானவர்கள் அந்தக் கிராமத்து மக்கள்தான். அரசு இயந்திரத்துக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்: கடத்தல்காரர்கள். அந்தச் சொல் ஒட்டிய பிறகு, உடைந்த வீட்டைப் பார்த்தாலும் நடவடிக்கை எடுத்த அடையாளமாகத் தெரிந்ததே தவிரக் குற்றத்தின் தடயமாகத் தெரியவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் துரத்தியதால் விசாரணை சிபிஐக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு வருடம். இந்தத் தாமதத்தில் சட்ட நடைமுறைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அதே 18 பெண்கள் சென்னையில் ஒரு நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் இருந்திருந்தால் முதல் வாரமே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தப்பெண்ணம் பாதிக்கப்பட்டவரைத் தாழ்த்துவதோடு நிற்பதில்லை, குற்றம் சாட்டப்பட்டவரை உயர்த்தவும் செய்கிறது. ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்தில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த பன்வாரி தேவி குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க 1992-ல் அவரைக் கூட்டாக வன்புணர்ந்ததாக வழக்கு. 1995-ல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, உயர்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது. கீழ்வெண்மணி இதற்கு முந்தைய கதை. 1968 டிசம்பர் 25 இரவில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, பெரும் நிலமும் காரும் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற வகையில் எழுதியது. சாதி, கார். இரண்டு தீர்ப்புகளிலும் அந்தஸ்தே சாட்சி சொன்னது.

"ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா" என்ற பழமொழியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் நாட்டு ஆணாதிக்கத்தின் தனிச்சொத்து அது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1998-ல் இத்தாலியின் மிக உயர்ந்த நீதிமன்றம், தன்னிடம் காரோட்டக் கற்க வந்த 18 வயதுப் பெண்ணை வன்புணர்ந்ததாகத் தண்டிக்கப்பட்டவரின் தண்டனையை ரத்துசெய்தது. இறுக்கமான ஜீன்ஸை அணிந்திருப்பவர் ஒத்துழைக்காமல் கழற்ற முடியாது என்றது. மறு ஆண்டு பெண் எம்.பி.க்கள் ஜீன்ஸ் அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார்கள். 2008-ல் அதே நீதிமன்றம் அந்த வாதத்தைக் கைவிட்டது. ஊசி அங்கேயும் ஊசிதான், நூல் அங்கேயும் நூல்தான்.

இந்தியாவில் 1972-ல் மகாராஷ்டிராவில் காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வன்புணரப்பட்ட மதுரா வழக்கைச் சட்டம் படித்த எல்லோரும் அறிவார்கள். உடம்பில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று 1978-ல் உச்சநீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் எழுதிய திறந்த மடலும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும் 1983-ன் சட்டத் திருத்தத்துக்கு வழிவிட்டன. அப்படியும், வன்புணர்வு வழக்கில் பெண்ணின் நடத்தை மோசம் என்று காட்டிச் சாட்சியத்தைத் தகர்க்க அனுமதித்த 155(4) பிரிவு சாட்சியச் சட்டத்திலிருந்து நீங்கியது 2003-ல்தான். 1872-ல் வந்த சட்டம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெண்ணின் உடலில் விரலை நுழைத்து அவள் ஏற்கெனவே உறவு கொண்டவளா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனையைச் செய்பவர்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது 2022-ல்.

பழி போடுவது பாதிக்கப்பட்டவரின் மனதைப் புண்படுத்துவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை என்று வாதிடலாம். அது துப்புத் துலக்கலையே கெடுக்கும். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் 1975 முதல் 1980 வரை பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். கொலைகாரன் பாலியல் தொழிலாளிகளைத்தான் குறிவைக்கிறான் என்று காவல்துறை முடிவுகட்டியிருந்தது. அந்த வரையறைக்குள் வராத பெண்கள் தப்பிப் பிழைத்து அடையாளம் சொன்னபோது, அது வேறு யாரோ என்று ஒதுக்கினார்கள். 1975-ல் தாக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி சொன்ன வர்ணனை சரியாக இருந்தது, அதுவும் ஒதுக்கப்பட்டது. சட்கிளிஃபை ஒன்பது முறை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். 1981-ல் வழக்கைத் தொடங்கிவைத்த அரசுத் தலைமை வழக்கறிஞரே, செத்தவர்களில் சிலர் விலைமாதர்கள், சிலர் அப்படி இல்லை என்பதுதான் மிகவும் வருத்தமான பகுதி என்ற பொருளில் பேசினார். அன்றைய பேச்சுக்கும் சொற்களுக்கும் மேற்கு யார்க்ஷயர் காவல்துறை மன்னிப்புக் கேட்டது 2020-ல், சட்கிளிஃப் செத்த பிறகு.

இதுவரை படித்துத் தலையாட்டியவர்களில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பண மோசடி. உடையைப் பற்றிப் பேசாத முற்போக்காளர்கள்கூட ஏமாந்தவரைப் பார்த்து "பேராசை பெருநஷ்டம்" என்று கூசாமல் சொல்வார்கள். 2012-ல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை சரிந்தபோது சொன்னார்கள். 2022-ல் ஆருத்ரா நிதி நிறுவன விவகாரம் வெடித்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் போட்ட பணத்தைப் பற்றியும் சொன்னார்கள். சரி, சொன்ன வட்டி நம்ப முடியாததுதான். ஆனால் திட்டம் போட்டவன் அலுவலகம் திறந்தான், விளம்பரம் கொடுத்தான், முதல் சில மாதம் ஒழுங்காகப் பணத்தைக் கொடுத்துச் சொந்தக்காரர்களையே ஏஜெண்டாக்கினான். மோசடி என்பதே நம்பிக்கையைத் தயாரிக்கும் தொழில். மாமா கட்டினார், அவருக்கு மாதம் தவறாமல் வந்தது, அதனால் அத்தை கட்டினார். இதில் பேராசை எவ்வளவு, மாமாமேல் வைத்த நம்பிக்கை எவ்வளவு?

ஆசையே இல்லாதவர்களும் ஏமாறுகிறார்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டி, நீங்கள் கைதாகிவிட்டீர்கள் என்று நம்பவைக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியில் வேலை செய்வது பயம் மட்டும்தான். வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடமிருந்து 2024-ல் 7 கோடி ரூபாய் பறித்தார்கள்; உச்சநீதிமன்ற விசாரணை என்று போலியாக ஒன்றை வீடியோவில் நடத்தியே காட்டினார்கள். வாழ்நாள் முழுக்கத் தொழில் நடத்தியவர் அவர். நடந்ததை வெளியே சொன்னதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானோர் சொல்வதில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்களே என்ற பயம். சைபர் மோசடியில் முதல் சில மணி நேரத்துக்குள் 1930 என்ற உதவி எண்ணுக்குத் தகவல் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். அந்த மணி நேரங்களை வெட்கம் தின்றுவிடுகிறது. மோசடிக்காரனுக்கு நாம் சம்பளமில்லாமல் செய்யும் வேலை அது.

வழக்கமாக வரும் எதிர்க்கேள்வி: "அப்படியென்றால் ஜாக்கிரதையாக இரு என்று சொல்வதுகூடத் தப்பா?" தப்பில்லை. வீட்டைப் பூட்டு, ஓடிபியைச் சொல்லாதே என்பதெல்லாம் நல்ல அறிவுரை. ஆனால் அறிவுரைக்கு நேரம் உண்டு. அது நடப்பதற்கு முன்னால். நடந்த பிறகு, அடிபட்டவரிடம் சொல்லும் அதே வாக்கியம் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. அப்புறம், அறிவுரை யாருக்கு எவ்வளவு சொல்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். ஹெல்மெட் போடு என்பது முப்பது விநாடி வேலை. எட்டு மணிக்குமேல் வெளியே போகாதே, தனியாக பஸ் ஏறாதே, சிரித்துப் பேசாதே என்பது ஒருவர் வாழ்க்கையையே அடகு கேட்பது. அதை மறுத்தவரைப் பார்த்து "எச்சரித்தும் கேட்கவில்லை" என்பது நியாயமில்லை. பூட்டாத வீட்டில் திருடியவனுக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு. வீட்டுக்காரர் மறந்தார் என்பதற்காக அவனை யாரும் விட்டுவிடுவதில்லை.

எழுதும் விதமும் பழியை நகர்த்தும் என்பதற்கு லாரா நீமி, லியான் யங் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஆதாரம். ஒரே சம்பவத்தைக் குற்றவாளியை எழுவாயாக வைத்து எழுதியபோது, படித்தவர்கள் பாதிக்கப்பட்டவரைக் குறைவாகக் குறை சொன்னார்கள். பாதிக்கப்பட்டவரை எழுவாயாக வைத்தால் பழி அந்தப் பக்கம் சாய்ந்தது. விசுவாசம், கீழ்ப்படிதல், தூய்மை ஆகியவற்றை உயர்வாக மதிப்பவர்கள் பாதிக்கப்பட்டவரைக் காயம்பட்டவராகப் பார்ப்பதைவிடக் களங்கப்பட்டவராகப் பார்க்கும் சாய்வு அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. "நள்ளிரவில் நண்பருடன் சென்ற மாணவிக்கு நேர்ந்த கொடுமை" என்ற தலைப்பில் குற்றவாளி எங்கே இருக்கிறான்? அந்த வாக்கியத்தில் ஏதாவது செய்தவர் என்றால் அது மாணவி மட்டும்தான்.

காவல் நிலையத்திலும் இதே கதை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானபோது, அவர் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதன் வாசகங்களே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லும் தொனியில் இருக்கின்றன என்று சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கிலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை அதிகாரிகளே வெளியிட்டார்கள். அப்போதும் உயர்நீதிமன்றம் 25 லட்சம் தரச் சொன்னது. இரண்டு வழக்கிலும் 2025-ல் தண்டனை கிடைத்துவிட்டது என்பது ஆறுதல். புகார் எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவரும் அதே தெருவில் வளர்ந்தவர்தான், அதே பழமொழிகளைக் கேட்டவர்தான் என்பதை மறக்கக்கூடாது. ஆகவே பயிற்சியும் படிவமும் மேற்பார்வையும் வேண்டும்; தனி ஆளின் நல்ல மனதை நம்பி இதை விடமுடியாது.

கடைசியாக, பாதிக்கப்பட்டவர் தன்மேலேயே போட்டுக்கொள்ளும் பழி. ரோனி ஜேனாஃப்-புல்மன் 1979-ல் இதில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். "அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது" என்பது ஒன்று. "நான் அப்படிப்பட்டவள், எனக்கு இப்படித்தான் நடக்கும்" என்பது இன்னொன்று. முதலாவதில் குறைந்தபட்சம் இனிமேலாவது என் கையில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பு மிஞ்சும் என்று அவர் கருதினார். இரண்டாவது ஆளையே கரைத்துவிடும். சுற்றி இருப்பவர்கள் விளையாட்டாகச் சொல்லும் "உனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்ற வார்த்தை, முதல் வகையில் நிற்பவரை இரண்டாவதுக்குத் தள்ளப் போதும். உங்களிடம் ஒருவர் வந்து நடந்ததைச் சொன்னால் "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். "இப்ப என்ன செய்யணும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் பக்கத்தில் உட்காருங்கள்.

புகார் கொடுக்க முடிவெடுத்தால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். வாட்ஸ்அப்பில் பரப்புவதும் வெளியிடுவதுதான். அவருடைய முந்தைய பாலியல் அனுபவத்தை வைத்துச் சம்மதத்தை முடிவு செய்யக்கூடாது என்று சாட்சியச் சட்டமும் சொல்கிறது. இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அதற்குக் குற்றவாளி பிடிபட வேண்டும் என்றுகூட இல்லை. அவன் யாரென்றே தெரியாவிட்டாலும் மனுவை ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு.